கொட்டிலில் நின்ற தேர்



சில மாதங்களுக்கு முன் வகுப்பிலே பாரியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே கொடுத்துச் சென்றவன் பறம்பு மலைத் தலைவன். கொடைமடம் என்ற சொல்லை விளக்கி முடித்த வேளையில், பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அப்ப பாரி எப்பிடி வீட்டை போனவர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன்; எனக்குத் தோன்றாத வினா அது.

அன்று மாலை வீடு திரும்பியபோது கொட்டிலில் நின்ற காரை நின்று பார்த்தேன். அம்மா நட்ட பாகற்கொடி தட்டியால் ஏறி, அதன் பின்பக்கத்தைப் பற்றிப் படர்ந்திருந்தது.

அது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். ஐயா வாங்கும்போதே பழைய கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்திலே வெளியான வகை. உற்பத்தி தொடங்கும் தறுவாயில் உடல் ஒடுங்கலாக இருக்கிறதென்று கருதி, மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாய் வெட்டி நான்கு அங்குலம் அகட்டினார் அவர். பொனற்றின் நடுவே ஓடும் பட்டி அந்த வெட்டின் தழும்பு. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதற் பிரித்தானியக் காரும் இதுவே. ஆனால், எங்கள் ஊரில் இதற்கு மதிப்பு வந்தது வேறொரு காரணத்தால்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல், மருந்தைப்போல அளந்து விடும் பொருளாயிற்று. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே, சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு முடுக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. தரங்குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. ஏ போட்டியும் கேம்பிரிட்ஜும் மைனரும் புகை கக்கியபடி ஓடிய காலம் அது. ஐயா ஒரு சிறிய போத்தலைத் தகட்டு வளையத்தால் பொனற்றுக்குள்ளே பொருத்தி, சேலைன் குழாயொன்றை அதில் இணைத்திருந்தார். போத்தல் போய்விட்டது. வளையம் இன்னும் இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு அந்தக் காரில் இருந்தவர்கள் அப்பாச்சி, அம்மா, அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவர். ஒரு மூட்டை அரிசியும் இருந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் நகர்ந்த வேகமே காரின் வேகம். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி முடுக்கப் பெற்றோல் இல்லை. நிறுத்தாவிட்டால் றேடியேற்றர் கொதிக்கும். ஐயா நிறுத்தினார். அண்ணாவும் நானும் மழையில் நனைந்தபடி தள்ளினோம். அப்பாச்சி கண்ணாடியை இறக்கி, "நான் இறங்கி நடக்கட்டே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஐயா காலமான பிறகு நான் அந்தக் காரை எடுக்கவில்லை. நாளைக்கு, அடுத்த விடுமுறைக்கு என்று மூன்று ஆண்டுகள் போயின. 2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டபின் பழைய கார்களின் விலை ஏறியிருந்ததால், கேட்டு வந்தவர்களும் பலர். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் நல்ல விலை சொன்னார். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தவாறே அதை ஆக்கப்போவதாகவும் சொன்னார். பொனற்றைத் திறந்து பார்த்து, "இந்த வளையத்தைக் கழற்றவேணும், ஒறிஜினல் இல்லை" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. எனக்குத்தான் மனம் வரவில்லை.

ரொறன்ரோவிலிருந்து அண்ணா, "ஒருபோதும் விக்கக் கூடாது" என்றார். கடல் கடந்தவர்களுக்கு ஊர்ப் பொருள்கள்மீது பற்று அதிகம். கிறீஸ் அடிக்கும் வேலை மட்டும் இங்கிருப்பவர்களுக்கு.

கிறீஸைச் சும்மா சொல்லவில்லை. மைனரின் முன்சில்லைத் தாங்கும் மூட்டு திருகுமரையில் நிற்பது. அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் ஏற்றாவிட்டால், மரை தேய்ந்து ஒருநாள் சில்லு சரிந்து படுத்துவிடும். ஐயா அதை மாதந்தவறாமற் செய்தார். நான் ஒருநாளும் செய்ததில்லை. காரைப் பார்க்க வந்த வயதான மெக்கானிக், பிறேக் இறுகிவிட்டது, ராங்கி துருவேறிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னபோது, பரீட்சைத் தாளைத் திருப்பிப் பெறும் மாணவனைப்போல நின்றேன். வைத்திருக்கிறேன் என்று நான் எல்லோருக்கும் சொல்லிவந்தது பொய். பாரி தேரைக் கொடுத்தான், நான் விட்டுவிட்டேன். இரண்டிலும் கொடி படரத்தான் செய்கிறது.

"ஓடாத காரை வச்சு என்ன செய்யிறது, தம்பி? கொப்பர் இருந்தா இப்பிடி விட்டிருப்பாரே?" என்றார் அம்மா.

அந்த மெக்கானிக்கிடம் தொழில் பழகிய இளைஞன் ஒருவன் இருக்கிறான். தானே திருத்தி, கலியாண வீடுகளுக்கு ஓடலாம் என்று கேட்டான். கொழும்பார் சொன்ன விலையில் பாதிதான் அவனால் முடிந்தது. அதையும் இரண்டு தவணையில். கொடுத்துவிட்டேன். அண்ணா இன்னும் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அவர் கோபம் நியாயமானதே; அன்றிரவு காரைத் தள்ளியவர்களில் அவரும் ஒருவர்.

காரை இழுத்துச் செல்ல வந்த அன்று அவன், "மாஸ்ரர், இந்த வளையத்தைக் கழற்றித் தரட்டே?" என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். அம்மா அதற்கு முன்பே எழுந்து, பாகற்கொடியை முறியாமல் ஒவ்வொரு சுருளாகப் பிரித்தெடுத்து, கொட்டிலின் ஓரத்தில் ஒரு பூவரசந்தடியை ஊன்றி அதிலே சுற்றிவிட்டிருந்தார்.