பள்ளி விட்ட பின் ஒரு மணி நேரம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்கத் தொண்டருமான அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளம், வீடு, தண்ணீர் என்று பேசிப் பழகிய இந்த மேடையில், இன்று நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். தலைவரும் அன்புடன் இசைந்தார். "சங்கத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு, தோழர்களே!

சம்பள நாளில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குங்களா, கிராணி ஐயா?" என்று என்னையே கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கணக்கு எழுதியவனிடமே கணக்குச் சரியா என்று கேட்பது நம்பிக்கையாகலாம், பாதுகாப்பு ஆகாது. ஒருவர் 20 கிலோ பால் கொண்டு வருகிறார். அதில் 100-க்கு 35 வீதம் ரப்பர் இருந்தால், உலர்ந்த எடை 7 கிலோ. அதையே 32 வீதம் என்று எழுதினால் 6 கிலோ 400 கிராம். ஒரு நாளைக்கு 600 கிராம். 25 நாளைக்கு 15 கிலோ! இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வக்கீல் வேண்டாம். ஆரம்பப் பள்ளியில் சொல்லித்தரும் வீதக் கணக்கே போதும். அந்தக் கணக்கு நம் பிள்ளைக்கு வரவில்லையென்றால், உரிமையைச் சட்டத்தில் எழுதி வைத்தும் பயனில்லை.

பழைய வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1923-ல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் எழுந்தன. ஆனால் பல இடங்களில் அவை வெறும் கொட்டகைகள். கிராணியோ, கங்காணியோ, எழுத்தறிந்த தொழிலாளி ஒருவரோ ஓய்ந்த நேரத்தில் பாடம் சொன்னார்கள். பிள்ளை வளர்ந்து மரம் வெட்டப் போனால் போதும் என்பதே அன்றைய முதலாளிமார் பலருடைய எண்ணம்.

இன்று நிலை மாறியிருக்கிறது. 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமாகிவிட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் குறை தீர்ந்துவிடவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. தோட்டப் புறத்தில் எஞ்சிய தமிழ்ப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் தொகை 150-ஐக்கூட எட்டுவதில்லை. சில இடங்களில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து ஒரே ஆசிரியர் போதிக்கிறார். அவரைக் குறை சொல்லுவது நியாயமாகாது.

இன்னொன்றும் உண்டு. 1988-ல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ல் ஒழிக்கப்பட்டது. சிறு பிள்ளைகளின் தலையிலிருந்து பெரும் பாரம் இறங்கியது, நல்லதே. ஆனால் "என் பிள்ளை எங்கே நிற்கிறான்?" என்று படிக்காத பெற்றோரும் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு தாளும் அதோடு போயிற்று. பிள்ளை பின்தங்கியதை இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டு என்ன செய்வது? அங்கே பாடம் மலாய் மொழியில். மலாய் போதாதவனுக்குப் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கூடுதல். அந்த ஓர் ஆண்டில் மனம் சலித்துப் படிப்பை விடும் பிள்ளைகளை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்?

ஆகவே நான் கேட்பது இதுதான். வாரத்தில் மூன்று நாள், மாலை 4 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம், நம் கிளை மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம். ஒரு தொண்டருக்கு ஆறு பிள்ளைகள். அதற்கு மேல் வேண்டாம். முதல் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வாசிக்கச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளை உண்டு. படத்தை மூடிவிட்டு, அதே சொல்லை வேறு தாளில் எழுதிக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். 247 எழுத்தும் தடுமாறாமல் வருகிறதா, 'ல, ள, ழ' பிரித்துச் சொல்லுகிறானா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை முதலாம் ஆண்டுப் பாடத்தில் நின்றால், அங்கிருந்தே தொடங்குங்கள். வெட்கப்படுத்தாதீர்கள்.

தமிழ் வாசிப்பு வந்ததும் மலாய் வாசிப்பு. மலாயில் 'சி' என்ற எழுத்துக்கு எப்போதும் 'ச' ஒலிதான். ஆங்கிலத்தில் அதுவே 'க' ஆகவும் வரும். இதை ஒருமுறை தெளிவாகச் சொன்னால் பாதித் தடுமாற்றம் நீங்கும். பிறகு வாய்ப்பாடு. பால் நிறுவையும் கடைச் சாமான் விலையும் இருக்க, கணக்குக்கு வேறு உதாரணம் எதற்கு?

பிள்ளைகளின் பாதுகாப்பையும் மறக்கலாகாது. கதவு திறந்தே இருக்க வேண்டும். எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். இருட்டுமுன் ஒவ்வொரு பிள்ளையும் வீடு சேர வேண்டும்.

"நாங்கள் என்ன பட்டதாரிகளா?" என்று கேட்காதீர்கள். நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன்தான். நம் லயத்தில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லித்தரட்டும். பக்கத்தில் ஒரு தாய் அமர்ந்து ஒழுங்கு பார்க்கட்டும். 1982-ல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களின் தொண்டைக் கொண்டே வளர்ந்தது. படித்தவன் அடுத்தவனுக்குக் கைகொடுத்தான், அவ்வளவுதான்.

மற்றொரு கேள்வி கனமானது. போன வாரம் ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: "கூலியில்லாமல் வேலை வாங்காதே என்று போராடுகிற சங்கம், கூலியில்லாமல் வேலை செய்யச் சொல்லலாமா? நாம் செய்துவிட்டால் அரசாங்கம் தன் கடமையைக் கைகழுவாதா?" நியாயமான கேள்வி. அடுத்தவன் லாபத்துக்கு இலவசமாக உழைப்பது சுரண்டல். நம் பிள்ளைக்கு நாம் உழைப்பது குடும்பக் கடமை. ஆனால் கோரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. போதிய ஆசிரியர் வேண்டும், நல்ல கட்டடம் வேண்டும், பள்ளிக்கு வண்டி வேண்டும் என்று இன்னும் உரக்கக் கேட்போம். எத்தனை பிள்ளைகள் எந்த நிலையில் வந்தார்கள் என்று நாம் வைக்கும் குறிப்பேடே அந்தக் கோரிக்கைக்குச் சாட்சியாக நிற்கும். கோரிக்கை நிறைவேற ஐந்தாண்டு ஆகலாம். இன்று மூன்றாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை அதுவரை மூன்றாம் ஆண்டிலேயே காத்திருப்பானா?

தோழர்களே! வெளியே மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சொல்லித்தர முன்வருவோர் ஒரு பக்கத்திலும், பிள்ளைகளை அனுப்புவோர் மறு பக்கத்திலும் பெயர் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். அடுத்த தலைமுறையில் அப்படிச் சொல்லி எழுதவேண்டியவர் ஒருவரும் நம் தோட்டத்தில் இருக்கக்கூடாது.

வரும் திங்கட்கிழமை 4 மணிக்கு மண்டபக் கதவு திறந்திருக்கும்.