கொப்புளம் காலுக்கு, குதூகலம் மனசுக்கு!

தலைப்பு: பாதயாத்திரையில் விஞ்சி நிற்பது வேதனையா? மகிழ்ச்சியா?
அணி: மகிழ்ச்சியே!

பெருமைக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் என் அன்பு நண்பர்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு பட்டியல் வாசித்தார்கள். கொப்புளம், முழங்கால் வீக்கம், ராத்திரிப் பனி, பகல் வெயில்... கேட்கக் கேட்க உட்கார்ந்திருந்த எனக்கே கால் வலித்தது! கடைசியில் கேட்டார்கள்: "பழனிக்கு பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. மலையேற 1966 முதல் விஞ்ச் இருக்கிறது, 2004 முதல் ரோப் கார் இருக்கிறது. பிறகு ஏன் ஐயா நடக்கிறீர்கள்?"

அம்மா, நீங்கள் கேட்ட கேள்விதான் எங்கள் கட்சிக்கே ஆதாரம்! வேறு வழியில்லாமல் நடந்தால் அது கஷ்டம். பஸ் ஓடுகிற ரோட்டோரத்திலேயே, பையில் டிக்கெட்டுக்குக் காசு வைத்துக்கொண்டே, தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் நடக்கிறார்களே! வேதனை மட்டும்தான் மிஞ்சும் என்றால் அடுத்த வருஷம் ஒரு ஆளாவது வருவாரா?

செட்டிநாட்டு நகரத்தார் காவடியை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு வியாபாரத்துக்காகப் பழனிப் பக்கம் போன முன்னோர் ஆரம்பித்து வைத்தது என்று சொல்வார்கள். நானூறு வருஷத்துப் பழக்கம். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் நடை. அதோடு முடிந்ததா? திரும்பி வருவதும் காவடியோடு நடந்தே! வட்டிக்கணக்கில் ஒரு காசு விடாத சமூகம் ஐயா அது. லாபம் இல்லாத காரியத்தை நானூறு வருஷமா செய்வார்கள்?

காவடி என்பது என்ன? ஒரு சுமை. இடும்பன் இரண்டு மலைகளைத் தோளில் தூக்கி வந்தானே, அந்தக் கதையிலிருந்து வந்த சுமை. சும்மா தூக்கினால் தோள் வலிக்கும். அதே சுமைக்கு நாலு மயிலிறகு கட்டிப் பாருங்கள், தோளில் இருப்பது ஆடுகிறது, தூக்கியவனும் ஆடுகிறான்! எடை குறையவில்லை நடுவர் அவர்களே, மனசு மாறியிருக்கிறது.

நண்பர் ஒருவர் விபத்துகளைச் சொன்னார். அதை நான் மறுக்கவே மாட்டேன். ராத்திரி ரோட்டில் நடப்பவர்கள் ஓரமாகத்தான் போகணும், முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கத்தான் வேணும். ஆனால் ஆபத்து வேறு, கஷ்டம் வேறு. ஆபத்தைக் குறைக்கணும். கஷ்டத்தை விரும்பி ஏற்றவனிடமிருந்து அதைப் பிடுங்காதீர்கள்!

நானும் நடந்தவன்தான். இரண்டாம் நாள் நத்தம் தாண்டியதும் இரண்டு பாதத்திலும் கொப்புளம். புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஒரு ஆச்சி, எழுபது வயசு இருக்கும், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பிக்கு என்ன வேலை?" "காலேஜில் தமிழ்ப் பேராசிரியர் ஆச்சி. டாக்டர் பட்டம் வாங்கியிருக்கேன்." என் காலைப் பார்த்தார். "டாக்டருக்கே கொப்புளமா?" என்று சிரித்துக்கொண்டே வேப்பெண்ணெய்ச் சீசாவை நீட்டினார்.

"என்ன வேண்டுதல் ஆச்சி?" என்று கேட்டேன். "முதல் வருஷம் எம்மகன் பிழைக்கணும்னு நடந்தேன் தம்பி. பிழைக்கலை" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அப்புறமும் ஏன் ஆச்சி நடக்கிறீக?" அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "வீட்டுல கெடந்தா நான் ஒருத்திதான் அழுவேன். இங்க பாரு, முன்னால போறவளும் எதையோ சுமந்துகிட்டுத்தான் போறா. அவ நடக்கிறதைப் பார்த்து நான் நடக்கிறேன், என்னையப் பார்த்து பின்னால ஒருத்தி நடப்பா. முருகன் எம்மகனைத் தரலை. ஆனா என்னையத் தனியா விடலை." சொல்லிவிட்டு எழுந்து, "அரோகரா" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

எதிரணி நண்பர்களே, கேட்டது கிடைத்தால் வருகிற நம்பிக்கை சாதாரணம். கேட்டது கிடைக்காமலும் நிற்கிறதே, அந்த நம்பிக்கையை நாற்காலியில் உட்கார்ந்து வாங்க முடியாது. அது ரோட்டில்தான் கிடைக்கும்.

இன்னொன்று. வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் நீர்மோர் தருகிறார்கள், சுக்குக் காபி தருகிறார்கள். உட்காரச் சொல்லிக் காலுக்கு எண்ணெய் தேய்த்து விடுகிறார்கள். சாதி கேட்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை. பங்களாக்காரரும் கொத்தனாரும் ஒரே பந்தியில் கை நீட்டுகிறார்கள். எல்லோரும் எல்லோருக்கும் 'சாமி'! கொடுத்தே பழகியவனுக்கு வாங்கிச் சாப்பிடுகிற பணிவு வருகிறது. வாங்கியே பழகியவனுக்கு மரியாதை கிடைக்கிறது. மலை உச்சியில் நிற்கிறவரே கோவணத்தோடும் தண்டத்தோடும் நிற்கும்போது, கீழே நமக்கு எதற்கு ஐயா பந்தா?

எனவே நடுவர் அவர்களே, கொப்புளம் பத்து நாளில் ஆறிவிடும். ஆனால் 'நான் தனியாள் இல்லை' என்று தெரிந்துகொண்ட சந்தோஷம் ஆயுசுக்கும் ஆறாது. வேதனை வழித்துணையாக வரும், மகிழ்ச்சிதான் வீடு வரைக்கும் வரும் என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு அமைகிறேன்.