இசைப்பலகையில் மின் கோளாறு

கணினியைக் கொண்டு இசை எழுப்புவதற்கான சிறு பலகையைத் தாமே செய்துகொள்ளும் ஆர்வம் இன்று இளைஞர் பலரிடம் காணப்படுகிறது. பொத்தான்களும் குமிழ்களும் பதித்த அப்பலகை தானாக ஒலிப்பதில்லை. எந்தச் சுரம் தொடங்க வேண்டும், எது நிற்க வேண்டும் என்ற செய்தியை, 1983-இல் நடைமுறைக்கு வந்த 'மிடி' முறைப்படி அனுப்புகிறது, ஒலிப்பது கணினியே. மும்பை லாமிங்டன் சாலையிலோ தில்லி லஜபத்ராய் மார்க்கெட்டிலோ உறுப்புகளை வாங்கி வந்து, வாடகை அறையில் பற்றவைத்து முடித்த நேயர்களும் இதைக் கேட்டுக் கொண்டிருக்கக் கூடும்.

நானும் ஒன்று செய்தேன். பதினாறு பொத்தான்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வண்ண விளக்கு. மேசைமேல் ஒரு வாரம் குறையின்றி இயங்கியது. நவராத்திரியின்போது நண்பர் வீட்டுக் கொலுவில் ஒரு சிறுமி பாடினாள். சுருதி என் பலகையின் பொறுப்பு. அடுத்த பாட்டுக்கு மத்யம சுருதி வேண்டும். பொத்தானை அழுத்தினேன். அழகுக்காக நான் அமைத்திருந்தபடி விளக்குகள் அனைத்தும் வெண்மையாக எரிந்தன. மறுகணமே பலகை அணைந்தது. 'நில்' என்ற செய்தி போய்ச் சேராமையால், கணினி பழைய சுருதியையே விடாமல் ஒலித்தது. குழந்தை திகைத்துக் கண்கலங்கி எழுந்துவிட்டாள்.

இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். பிழை அங்கே இல்லை.

இவ்வகை விளக்கு ஒன்று முழு வெண்மையில் ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் கொள்ளும். பதினாறுக்கு 960. சாதாரண யு.எஸ்.பி. 2.0 வாயில் தருவதற்குக் கடமைப்பட்டதோ 500 மட்டுமே. மிகுதியாக இழுத்தால் சில கணினிகள் இணைப்பையே துண்டித்துவிடும். போதாக்குறைக்குக் கேபிளும் மெல்லியது. 28 கேஜ் செம்புக் கம்பி ஒன்றரை மீட்டர் என்றால், போக வர மூன்று மீட்டர். தடை சுமார் 0.64 ஓம். ஒரு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக ஓடும்போதே 0.6 வோல்ட் வழியில் தொலைகிறது.

நான் செய்த தவறு, விளக்குகள் அணைந்திருக்கையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததுதான். அது 5 வோல்ட் என்று காட்டியது, நானும் நம்பினேன். சும்மா நிற்கும் மாட்டைக் கண்டு அதன் இழுவை வலியை அறிய முடியுமா? எல்லா விளக்குகளும் எரிகையில், விளக்குகளின் முனையிலேயே அளக்க வேண்டும். மீட்டர் இல்லாதவர் நிரலில் வெளிச்சத்தைக் கால்பங்காகக் குறைத்துப் பார்க்கலாம். கோளாறு மறைந்தால் பெரும்பாலும் மின்வரத்திலேயே குறை.

பரிகாரம் எளிது. விளக்குகளுக்கு மட்டும் 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று. அதன் எதிர்முனையைப் பலகையின் எதிர்முனையோடு சேர்க்க வேண்டும். நேர்முனையைக் கணினியின் நேர்முனையோடு சேர்க்கவே கூடாது. விளக்குகளின் அருகே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று நலம். முனை மாறினால் அது வெடிக்கும்.

இன்னொரு விசித்திரம்: யாரும் தொடாமலே ஒலியளவு ஏறி இறங்கும். 5 வோல்ட்டை 127 படிகளில் அளக்கும்போது ஒரு படி 40 மில்லிவோல்ட்டுக்கும் குறைவே. விளக்குகளின் மின்னோட்டமும் குமிழின் மின்னோட்டமும் ஒரே மெல்லிய கம்பியில் திரும்பினால் அவ்வளவு இழப்பு எளிதில் நேரும். குமிழுக்குத் தனிக் கம்பி இடுங்கள்.

ஒலிபெருக்கியில் உறுமல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் பலகையின்மேல் பழியில்லை. மூன்று முனைச் சார்ஜர் போட்டிருந்தும் கணினியின் உலோக உடல் விரலில் சுரீரென்றால், வாடகை வீட்டுச் சுவரின் மூன்றாம் துளையில் பூமித் தொடர்பு இல்லாமல் இருக்கலாம். அதை நீங்கள் திறக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் சொல்லி மின்பணியாளரை வரவழையுங்கள்.