உங்க இங்கிலீஷை நான் திருத்தட்டுமா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "ஆன்லைன்ல இங்கிலீஷ் ட்யூட்டரா இருக்கேன்னு சொன்னீங்களே, அதுல என்னதான் பண்ணுவீங்க?" இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன். ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாணவியோட தப்பு இல்ல, என்னோட தப்பு.

முதல்ல வேலை என்னன்னு சொல்லிடறேன். வெவ்வேற நாட்டுல இங்கிலீஷ் கத்துக்கறவங்க 200, 250 வார்த்தையில எதையாவது எழுதி அனுப்புவாங்க. நான் திருத்தி அனுப்புவேன். வாரம் ஒரு தடவை வீடியோ கால்ல அரை மணி நேரம் அதைப் பத்திப் பேசுவோம். ஜப்பான், வியட்நாம், பிரேசில்னு பல ஊர்க்காரங்க இருக்காங்க. சிலர் ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்காக வருவாங்க. அதுல ரைட்டிங் பகுதிக்கு 60 நிமிஷம், ரெண்டு கேள்வி. ஒண்ணுக்குக் குறைஞ்சது 150 வார்த்தை எழுதணும், இன்னொண்ணுக்கு 250. சிலருக்கு ஆபீஸ் மெயில் சரியா எழுத வந்தா போதும். சிலர் எந்தக் காரணமும் இல்லாம, ஆசைக்காகக் கத்துக்கறவங்க.

அப்படி ஆசைக்காக வந்தவங்க ஒருத்தங்க. ஒசாகாவுல ஒரு ஹோட்டல் ரிசப்ஷன்ல வேலை. என்னைவிட 20 வயசு பெரியவங்க. ஆனா என்னை 'சென்செய்'னுதான் கூப்பிடுவாங்க, அதாவது டீச்சர். நான் அவங்க பேரோட 'சான்' சேர்த்துக் கூப்பிடுவேன். முதல் ரெண்டு வாரம் வானிலை, சாப்பாடுன்னு எழுதினாங்க. மூணாவது வாரம் ஒரு பக்கம் வந்தது. தலைப்பு, 'மை ஃபாதர்'.

நான் அப்ப இந்த வேலைக்குப் புதுசு. குடுக்கிற காசுக்கு நியாயமா இருக்கணும்னு ஒரு வெறி. ஒரு தப்பைக்கூட விடக்கூடாது. அந்த ஒரு பக்கத்துல 41 திருத்தம் போட்டேன், எண்ணிப் பார்த்து. கீழே 'குட் எஃபர்ட்!'னு எழுதி, ஒரு ஸ்மைலியும் வெச்சு அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. 'தேங்க் யூ சென்செய். ஐ ஆம் சாரி ஃபார் மெனி மிஸ்டேக்ஸ்.' அதுக்கப்புறம் ஆறு வாரம் அவங்ககிட்டேயிருந்து ஒரு வரிகூட வரல.

நாலாவது வாரம்தான் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். இந்தத் தடவை திருத்தறதுக்காக இல்ல, சும்மா படிச்சேன். அப்பாவுக்குப் பக்கவாதம். தினமும் வேலை முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. அப்பா பேச முயற்சி பண்றார், வார்த்தை வரல. மகளைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை மட்டும் ஆட்டறார். இவ்வளவையும் ஒரு மனுஷி எனக்கு எழுதியிருக்காங்க. நான் அதுல 'தி' எங்கே விட்டுப் போச்சுன்னு தேடியிருக்கேன். அப்பா எப்படி இருக்கார்னு ஒரு வார்த்தை கேட்கல.

மனசு கஷ்டப்பட்டது ஒரு பக்கம். தொழில்ரீதியாவும் நான் பண்ணது மோசமான வேலைன்னு அப்பத்தான் புரிஞ்சது. எப்படின்னு சொல்றேன்.

அவங்க எழுதின முதல் வரி: 'எவ்ரி டே ஐ கோ டு ஹாஸ்பிடல்.' நான் நடுவுல ஒரு 'தி' செருகிட்டுப் போயிட்டேன். ஆனா இந்த இடத்துல அது ரொம்ப முக்கியம். பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல 'தி' இல்லாம 'கோ டு ஹாஸ்பிடல்'னு சொன்னா, நோயாளியா சிகிச்சைக்குப் போறதுன்னு அர்த்தம். யாரையாவது பார்க்கப் போனா 'தி ஹாஸ்பிடல்'. அமெரிக்காவுல ரெண்டுக்குமே 'தி' போடுவாங்க. அப்போ லண்டன்ல இருக்கிற ஒருத்தர் அந்த வரியைப் படிச்சா, நோயாளி இவங்கதான்னு நினைக்கலாம். 41 திருத்தத்துல கதையையே மாத்தக்கூடியது இது. இதுக்கும் ஒரு காற்புள்ளிக்கும் நான் ஒரே சிவப்புக் கோடுதான் போட்டிருந்தேன். எது பெருசு, எது சின்னதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, அவங்க ஏன் 'தி'யை விடறாங்க? இது எனக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கணும். ஏன்னா ஜப்பானிய மொழியும் இந்த விஷயத்துல தமிழ் மாதிரிதான். 'ஆஸ்பத்திரிக்குப் போனேன்'ங்கிறதை அவங்க 'ப்யோயின் நி இத்தா'ன்னு சொல்வாங்க. 'ப்யோயின்' ஆஸ்பத்திரி, 'நி' நம்ம 'க்கு', 'இத்தா' போனது. வரிசைகூட நம்ம வரிசைதான். ரெண்டு மொழியிலயும் 'எ', 'தி' மாதிரி கட்டாயமா போட வேண்டிய சொல் கிடையாது. நம்மகிட்ட 'ஒரு' இருக்கு, 'அந்த' இருக்கு. 'ஒரு நாய் வந்தது, அந்த நாய் குரைச்சது'ன்னு சொல்லலாம். 'நாய் வந்தது, குரைச்சது'ன்னாலும் தப்பில்ல. இங்கிலீஷ்ல விட்டா தப்பு. அதனால 'தி'யை விடறது கவனக்குறைவு இல்ல. தாய்மொழியில இல்லாத ஒரு கேள்வியை ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாடியும் நின்னு கேட்கப் பழகணும். 'இது எதுன்னு படிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரியுமா, தெரியாதா?' அதைக் கத்துக் குடுக்காம, நானே 'தி' போட்டு அனுப்பினா, பக்கம் சுத்தமாகும், அவ்வளவுதான். அடுத்த வாரம் அதே தப்பு திரும்ப வரும்.

இதெல்லாம் பத்தி ஆராய்ச்சி உலகத்துல பெரிய சண்டையே நடந்திருக்கு. 1996-ல ஜான் ட்ரஸ்காட்னு ஒருத்தர் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாம் மொழியில எழுதறவங்களோட இலக்கணத்தைத் திருத்தறதால பலன் இல்ல, கெடுதல்தான் அதிகம், அதை நிறுத்துங்கன்னார். 1999-ல டானா ஃபெரிஸ் பதில் எழுதினாங்க. எல்லாத் திருத்தத்தையும் ஒரே தட்டுல வைக்காதீங்க, தேர்ந்தெடுத்து, தெளிவா திருத்தினா உதவும்னு வாதம். 2008-ல ஜான் பிட்ச்னர் நியூசிலாந்துல ஆக்லாந்துல ஒரு ஆய்வு பண்ணினார். மாணவர்கள் எழுத்துல 'எ', 'தி' ரெண்டோட ஒவ்வொரு பயன்பாட்டை மட்டும்தான் பார்த்தார். முதல் தடவை சொல்லும்போது 'எ', திரும்பச் சொல்லும்போது 'தி'. கிட்டத்தட்ட நம்ம 'ஒரு நாய், அந்த நாய்'தான். அதுல திருத்தம் கிடைச்சவங்க, கிடைக்காதவங்களைவிட நல்லா எழுதினாங்க. ரெண்டு மாசம் கழிச்சு சோதிச்சப்பவும் அந்த முன்னேற்றம் நின்னது.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் என்னன்னா, 41-ஐத் திருத்தறதுக்குப் பதிலா ஒண்ணைத் திருத்தலாம். அது சோம்பேறித்தனம் இல்ல.

சரி, அவங்களுக்கு என்ன ஆச்சு? நான் ஒரு மெயில் எழுதினேன். 'உங்க பக்கத்தை நான் டீச்சரா மட்டும் படிச்சிட்டேன். முதல்ல அப்பா எப்படி இருக்கார்னு கேட்டிருக்கணும். மன்னிச்சிடுங்க.' பத்து நாள் கழிச்சு பதில் வந்தது. அப்பா வீட்டுக்கு வந்துட்டார், ஒரு கையைப் பிடிச்சிக்கிட்டு நடக்கிறார். கடைசியில ஒரு வரி: 'சென்செய், ஒரே ஒரு திருத்தத்தைப் பத்தி நான் கேட்கலாமா?'

அவங்க எழுதியிருந்தது, 'மை ஃபாதர் பிகேம் ஸ்மால்.' நான் அதை அடிச்சிட்டு 'லாஸ்ட் வெயிட்'னு மாத்தியிருந்தேன், எடை குறைஞ்சுதுன்னு. அவங்க சொன்னாங்க, 'எடை குறையல. அதே எடைதான். ஆனா கட்டில்ல சின்னதாத் தெரிஞ்சார். அதைத்தான் எழுதினேன்.'

நான் ரொம்ப நேரம் அந்த மெயிலையே பார்த்துட்டிருந்தேன். நம்ம வீட்டுலயும் சொல்வோமே, 'அப்பா அப்படியே சுருங்கிப் போயிட்டார்'னு. அதைக் கேட்டா யாராவது 'எத்தனை கிலோ?'ன்னு கேட்பாங்களா? அந்தப் பக்கத்துலயே நல்ல வரி அதுதான். இலக்கணத் தப்பும் கிடையாது. அதைத்தான் நான் அடிச்சிருந்தேன்.

இப்ப நீங்க கேட்கலாம், 'இதுக்கெல்லாம் ஏஐ இருக்கே, ஏன் ட்யூட்டர்?'னு. அந்தப் பக்கத்தை, அவங்க அனுமதியோட, ஒரு டூல்ல போட்டுப் பார்த்தேன். 'தி' எல்லாம் கச்சிதமா போட்டுச்சு. 'பிகேம் ஸ்மால்'ஐயும் மாத்திடுச்சு. நான் பண்ண அதே தப்பு, ரெண்டு செகண்ட்ல. டூலை நான் குறை சொல்லல, நானும் பயன்படுத்தறேன். ஆபீஸ் மெயிலுக்கு அது போதும். ஆனா பரீட்சை ஹால்ல அது கூட வராது. அப்புறம், நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு அது கேட்காம மாத்தினா, நீங்கதான் அதைக் கவனிக்கணும்.

அந்த அனுபவத்துக்கு அப்புறம் என் வேலை முறையை மாத்திக்கிட்டேன். நண்பர் ஒருத்தரோட ரெஸ்யூமேயைத் திருத்தினாலும் இது உதவும். முதல் தடவை படிக்கும்போது கை கீபோர்டுல இருக்காது. படிச்சதும் ஒரு மனுஷனா ஒரு வரி பதில் எழுதுவேன். அடுத்தது, அர்த்தம் மாறுற இடத்தை மட்டும் பார்ப்பேன். மூணாவது, திரும்பத் திரும்ப வர்ற ஒரே ஒரு தப்பை எடுத்துக்குவேன். அதை நான் திருத்த மாட்டேன், அடிக்கோடு மட்டும் போடுவேன். அவங்களே கண்டுபிடிக்கணும். இலக்கணப்படி சரியா இருந்தும் எனக்கு விசித்திரமாத் தெரியற வரி வந்தா, மாத்தறதுக்கு முன்னாடி கேட்பேன், 'இதுல என்ன சொல்ல வந்தீங்க?'

நீங்க எழுதி அனுப்பற பக்கத்துல இருக்கீங்கன்னா, ஒரே ஒரு விஷயம். உங்களுக்கு எதுல உதவி வேணும்னு சொல்லி அனுப்புங்க. 'டென்ஸ் மட்டும் பாருங்க'ன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. திரும்பி வந்த திருத்தம் நீங்க சொல்ல வந்ததை மாத்திடுச்சுன்னா, 'இல்ல, நான் சொன்னது இது'ன்னு திருப்பிச் சொல்லுங்க.

ஒசாகாவுல இருந்து இப்பவும் வாரம் ஒரு பக்கம் வருது. 'தி' இன்னும் சில இடத்துல விட்டுப் போகும். போன மாசம் அப்பாவைப் பத்தித் திரும்ப எழுதினாங்க. முதல் வரியில 'தி ஹாஸ்பிடல்' சரியா இருந்தது. கடைசி வரியில 'பிகேம் ஸ்மால்' இருந்தது. நான் ரெண்டையும் தொடல.

உங்க எழுத்தை யாராவது திருத்தி, அதனால நீங்க எழுதறதையே நிறுத்தின அனுபவம் இருக்கா? எனக்கு எழுதுங்க. எழுத்துப்பிழையைப் பத்திக் கவலைப்படாதீங்க, முதல் தடவை சும்மாதான் படிப்பேன். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.