மருந்தும் மச்சையும்

நோயைத் தீர்க்க வந்த மருந்து உடலிடமும் ஒரு விலையைக் கேட்கும் என்பது பண்டைய வைத்தியரும் அறிந்த உண்மையாகும். அவ்விலை எவ்வளவு, அதனைச் செலுத்தும் உறுப்பு எது என அளந்தறிவது ஆய்வுகூடத்தின் பணி. எயிட்ஸ் நோய்க்கு முதன்முதற் கிடைத்த மருந்தாகிய சிடோவுடீனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரிலே ஜெரோம் ஹோர்விட்ஸ் என்னும் இரசாயன அறிஞர் இதனைப் புற்றுநோய் மருந்தாக ஆக்கினார். குருதிப் புற்றுநோய் கொண்ட சுண்டெலிகளை அது காப்பாற்றவில்லை, ஆகவே ஒதுக்கப்பட்டது. 1974இல் ஜேர்மனியில் வொல்ஃப்ராம் ஒஸ்டர்டாக் என்பவர், சுண்டெலிகளைப் பற்றும் ஒரு வைரசை இம்மருந்து தடுப்பதைக் கண்டார். எயிட்ஸை உண்டாக்கும் வைரசும் அதே இனத்தது என்பது 1980களில் தெளிவாயிற்று. ஒதுக்கப்பட்ட மருந்து மீண்டும் ஆராயப்பட்டு, 1987 மார்ச்சில் அமெரிக்க அரசின் அங்கீகாரத்தைப் பெற்றது.

இம்மருந்து செயற்படும் முறை யாது? கலம் ஒன்று பிரியுமுன் தன் பரம்பரைப் பொருளைப் படியெடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய கூறுகளுள் ஒன்று தைமிடீன். சிடோவுடீன் தைமிடீனைப் போன்ற வடிவுடையது. வைரசு ஏமாந்து அதனைத் தன் சங்கிலியிற் சேர்த்ததும், சங்கிலி மேலும் வளராது அறுந்துவிடுகின்றது.

ஆனால் தைமிடீன் வைரசுக்கு மட்டும் வேண்டிய பொருளன்று. என்புகளின் உள்ளே இருக்கும் மச்சை இரவுபகலாகப் புதிய குருதிக் கலங்களை ஆக்குகின்றது. மருந்து அங்கே தைமிடீனைப் பதப்படுத்தும் நொதியத்தைத் தடுக்கிறது. கலம் பருக்கிறது, உரிய காலத்திற் பிரிவதில்லை. எனவே மருந்து ஊட்டப்பட்ட சுண்டெலியின் குருதியில் ஈமோகுளோபினும் செங்கலங்களின் எண்ணிக்கையும் குறைய, எஞ்சிய செங்கலங்கள் பருமனாகக் காணப்படுகின்றன. மனிதனின் செங்கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ, சுண்டெலியின் செங்கலம் ஏறத்தாழ 40 நாட்களே வாழ்கிறது. ஆதலால் மச்சை சோர்ந்த செய்தி அச்சிறு பிராணியின் குருதியில் விரைவிற் புலப்படும்.

நீண்டகால ஆய்வொன்றில் சுண்டெலிகளுக்கு நாள்தோறும் கிலோகிராம் உடலெடைக்கு 30, 60, 120 மில்லிகிராம் என்ற மூன்று அளவுகளில் மருந்து கொடுக்கப்பட்டது. குருதிச்சோகை கண்டமையால், 90 நாட்களின் பின் அவ்வளவுகளை 20, 30, 40 எனக் குறைக்க நேர்ந்தது. பேரெலிகளுக்கோ தொடக்க அளவுகள் 80, 220, 600 மில்லிகிராம். அவற்றுள் மிக உயர்ந்த அளவு ஒன்றே பின்னர் குறைக்கப்பட்டது. இரண்டும் எலியினமே, எனினும் ஒன்று தாங்கியதை மற்றது தாங்கவில்லை. பேரெலியை மட்டும் நம்பினால் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடலாம். சுண்டெலியை மட்டும் நம்பினால் அதனை மிகைப்படுத்தலாம்.

மனிதரிடம் நிகழ்ந்தது என்ன? 1986இல் 282 நோயாளரைக் கொண்டு நடந்த சோதனையில், மருந்து பெற்ற 145 பேருள் ஒருவரே இறந்தார். வெற்று மாத்திரை பெற்ற 137 பேருள் 19 பேர் இறந்தனர். அதே வேளையில், மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 24 பேரின் ஈமோகுளோபின் 7.5 கிராமுக்குக் கீழே இறங்கியது. நூற்றுக்கு 21 பேருக்குப் பலமுறை பிறர் குருதி ஏற்ற வேண்டியதாயிற்று. சுண்டெலியின் மச்சை பட்ட துன்பத்தை மனிதனின் மச்சையும் பட்டது.

இதற்காக மருந்து கைவிடப்படவில்லை. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராமாக இருந்த அளவு பின்னர் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. மச்சையை இவ்வளவு வருத்தாத வேறு மருந்துகளும் வந்து, இன்று பல நாடுகளில் முதலிடம் பெற்றுள்ளன. எனினும் சிடோவுடீன் உண்பவரின் குருதியை வைத்தியர் இடையிடையே சோதிக்கத் தவறுவதில்லை. உயிரைக் காக்கும் அளவுக்கும் குருதியைக் குலைக்கும் அளவுக்கும் இடையே உள்ள எல்லையைக் காட்டுவது அச்சோதனையே. ஆகவே, குருதி கொடுக்க வருமாறு வைத்தியசாலை அழைக்கும்போது, நோயாளர் அதனை வீண் தொல்லையென்று தட்டிக்கழித்தல் ஆகாது.