பல்லும் எலும்பும் சொல்லும் சோற்றுக் கதை



கோலசிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான் வட்டாரத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களை நாம் அறிவோம். மேட்டிலே துரை பங்களா. சற்றுத் தள்ளிக் கிராணி வீடு. பள்ளத்திலே பாட்டாளிகளின் லயங்கள். குடியிருந்த இடமே பதவியைச் சொல்லிவிடும். உண்ட உணவும் அப்படிச் சொல்லுமா? இன்று இதைச் சிறிது சிந்திப்போம்.

நாம் உண்பது நம் உடம்பிலே பதிகிறது. பல் சிறுவயதில் உருவாகிறது, பின்னர் மாறுவதில்லை. எலும்போ வாழ்நாள் முழுதும் மெல்ல மெல்லப் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே, பல் இளமை உணவையும் எலும்பு பிற்கால உணவையும் காட்டும். 1485இல் போரில் மடிந்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரில் கிடைத்தது. அதை ஆராய்ந்தவர்கள், அரியணை ஏறியபின் அவருடைய உணவும் பானமும் உயர்ந்ததை 2014இல் எடுத்துக்காட்டினர். அங்கே பதவி எலும்பிலே தெரிந்தது.

ஆனால், நம் பாட்டன்மார் கதை வேறு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏழைகள் பலருக்கு அன்றாட உணவு கேழ்வரகு, கம்பு, சோளம்; நெல்லுச்சோறு திருநாளுக்கு உரியது. இந்தத் தானியங்கள் உடம்பில் விடும் அடையாளம் வேறு. அரிசி விடும் அடையாளம் வேறு. தோட்டத்திற்கு வந்தபின் நாள்தோறும் அரிசிச் சோறு, தொட்டுக்கொள்ளக் கருவாடு. மீன் உண்டதும் எலும்பிலே பதியும். நாளை ஒருவர் இதை மட்டும் பார்த்தால், "ஏழையாகப் பிறந்து செல்வராக வாழ்ந்தவர்" என்று எண்ணிவிடலாம். உண்மையில் அவர் லயத்தை விட்டு நகரவே இல்லை! எலும்பு உணவைச் சொல்லும், கூலியைச் சொல்லாது.

உயர்ந்த உணவு எது என்பதிலும் நாம் ஏமாறக்கூடும். 1905, 1906ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில், வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசி. மறு பிரிவுக்குப் புழுங்கலரிசி. வெள்ளை அரிசி உண்டவர்களைப் பெரிபெரி நோய் தாக்கியது, சிலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்கள் தப்பினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பாட்டாளிகளை அந்நோய் பெரிதும் அணுகாததற்கும் இதுவே காரணம். பார்வைக்கு மட்டமான அரிசியே உயிர் காத்தது.

நேயர்களே, பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களும் மறைந்து வருகின்றன. எலும்பு சொல்லாத கூலியையும் பசியையும் சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டு முதியவர்களே. அவர்களிடம், "அன்று என்ன சாப்பிட்டீர்கள்? யாருக்கு எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்போம், கேட்டதை ஏட்டில் குறித்து வைப்போம். அதுவும் தொல்பொருள் ஆராய்ச்சிதான்.