யார் மொழியில் கேட்பது?

(திருப்பூரில் தோழர்களிடையே பேசியது)

தோழர்களே, இங்கே லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாப் பெண்ணுக்கு உதிரப்போக்கு என்று வையுங்கள். ஆஸ்பத்திரியில் அதை யார் எடுத்துச் சொல்வது? கூட வந்த காண்ட்ராக்டர்தான். அந்த ஆளிடம் அவள் எதைச் சொல்லுவாள்? மாத்திரை கிடைக்கும், நோவு அப்படியே கிடக்கும்.

கூடலூரைப் பாருங்கள். 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், குறும்பர் வீட்டுப் பெண்களே பயிற்சி எடுத்து நர்ஸ்களானார்கள். ஊர்களிலும் அவர்கள் ஆட்களே சுகாதாரப் பணியாளர்கள். நிலமீட்புப் போராட்டத்தோடு சேர்ந்துதான் அங்கே வைத்தியமும் வளர்ந்தது.

நம்ம பனியன் கம்பெனியில்? பத்துப் பேர் வேலை செய்தாலே ஈ.எஸ்.ஐ. உண்டு, குடும்பத்துக்கும் சேர்த்து. பீஸ்ரேட் ஆளைக் கணக்கில் காட்டாமல் விட்டுடறாங்க. இதைக் கேட்காமல் முகாம் போட்டு டானிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

'வடக்கன் நம்ம பொழப்பைக் கெடுக்கிறான்'னு நம்மாளுங்களே பேசுறாங்க. 2023இல் பொய் வீடியோவைப் பார்த்து பயந்து ரயிலேறினவர்களிலும் சேரியில் பிறந்தவன் இல்லையா? அவனை விரட்டினால் நம்ம கூலி ஏறிடுமா?

லைன் வீட்டுக்கு ஒரு பெண்ணையாவது தேடுவோம். அவர்களிலேயே ஒருத்தி, கொஞ்சம் தமிழும் தெரிந்தவள். அவளுக்குப் பயிற்சி கொடுக்கணும், கூலியும் கொடுக்கணும். சேவைன்னு சொல்லி அவளையும் ஓசியில் வேலை வாங்கிடாதீங்க.